அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று போடச் சொல்லாதே

மகன்,

நேற்று நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம்தான். நீ திரும்பத் திரும்ப எடுத்தாய், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். நான் கத்தினால் நீ “சரி அம்மா, சரி அம்மா” என்று கேட்டுவிட்டு உன் பாட்டில் இருந்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது நன்றாக வரும். அதனால்தான் எழுதுகிறேன். வாகரைப் பக்கம் வாத்தியாராக வேலைக்குப் போய் இன்னும் ஒரு தவணைகூட முடியவில்லை, அதற்குள் அம்மாவிடமிருந்து இப்படி ஒரு கடிதமா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் கடைசி வரை வாசி.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிழையென்றால் திருத்து. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சுகாதார வினாக்கொத்து வந்திருக்கிறது. சிகரெட், போதை, சாப்பாடு, தூக்கம், மனக்கவலை, வீட்டிலோ வெளியிலோ யாராவது அடிக்கிறார்களா, கடைசிப் பக்கத்தில் உடலுறவு பற்றியும் எச்.ஐ.வி பற்றியும் கேள்விகள். பெயர் எழுதத் தேவையில்லை. சுகாதாரப் பாடம் உன் தலையில் விழுந்தபடியால் அதை நடத்துவதும் உன் வேலை. அதிபர் உன்னைக் கூப்பிட்டு, “கடைசிப் பக்கத்துக்கு எல்லாரையும் ‘இல்லை’ எண்டு போடச் சொல்லுங்க சேர், பள்ளிக்கூடத்தின்ட பேர் முக்கியம்” என்றிருக்கிறார். புத்தகத்தில் அது பற்றி இருக்கிற பாடத்தையும் வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது என்று நீ என்னைக் கேட்டிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திராது. நீ கேட்டது வேறு. “நான் புதுசம்மா, அவர் சொன்னபடி செய்தா என்ன? இஞ்ச பிள்ளையள் நல்ல பிள்ளையள். அப்பிடி ஒண்டும் இல்ல” என்றாய். அப்படி ஒன்றும் இல்லை என்ற அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதிபர்மாரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வசனம் அது. அது உன் வாயிலிருந்தும் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். சொல்லலாமா என்று, அது யாருக்கு நடந்ததோ அந்த ஆளிடமே இன்று காலையில் கேட்டேன். “அண்ணனுக்குத்தானே? பேரைச் சொல்லாமச் சொல்லுங்க டீச்சர்” என்றான். ஆகவே சீலன் என்று வைத்துக்கொள்வோம். அவன் பெயர் அதுவல்ல. யாராக இருக்கும் என்று நீ யோசிக்கவும் வேண்டாம்.

நீ ஏ.எல் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வாவிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கும் இதே மாதிரி ஒரு வினாக்கொத்து வந்தது. அப்போதிருந்த அதிபர் கெட்ட மனிதர் அல்ல. வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கதிரை மேசைகளைத் தூக்கி வைப்பவர். ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “ஒரு பிள்ளை பிழையா ‘ஓம்’ எண்டு போட்டா, நாளைக்குப் பேப்பரில வரும். ஆரு பதில் சொல்லுற?” என்று கேட்டார். “சேர், இது பரீட்சையில்ல. சரி பிழை இல்ல. பிள்ளையளுக்கு என்ன நடக்குது எண்டு தெரிஞ்சாத்தானே உதவி அனுப்புவாங்க” என்றேன். என் பக்கத்தில் இருந்த டீச்சர் மட்டும் என் முழங்கையைத் தட்டி, “விடுங்க, நமக்கேன்” என்றா.

அன்று மண்டபத்தில் நானும் பின்னால் நின்றேன். தாள்களைக் கொண்டுவந்த சுகாதாரப் பரிசோதகரை அதிபர் அலுவலகத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான சேர் முன்னால் நின்று, சொல்வதெழுதல் மாதிரி ஒவ்வொரு கேள்வியாக வாசித்து விடையும் சொன்னார். பிள்ளைகள் குனிந்து புள்ளடி போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் சீலன் கையை உயர்த்தினான். அவன் ஒரு அப்பாவி. வகுப்பில் விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே பொடியன். “சேர், இதில ஆணுறை எண்டு கிடக்கு. அப்பிடியெண்டா என்ன?” என்று கேட்டான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சேருக்கு அந்தச் சிரிப்புத்தான் சுட்டது. “வெளிய போய் முழங்காலில நில்லு” என்றார். “சேர், விளங்காமத்தானே கேக்கிறான்” என்றேன். “டீச்சர், உங்கட வகுப்ப நீங்க பாருங்க” என்றார். நான் விறாந்தைக்குப் போய், “எழும்பு மனே, நான் சொல்லுறன், எழும்பு” என்றேன். அவன் யன்னலுக்குள்ளால் சேரைப் பார்த்தான். எழும்பவில்லை. தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றான்.

சில மாதத்தில் வினாக்கொத்தின் முடிவு வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லையாம். போதை இல்லை, கவலை இல்லை, யாரும் யாரையும் தொடுவதில்லை. அதிபர் காலைக் கூட்டத்தில் அதை வாசித்தார், பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்கள் பக்கத்துக்கு என்று வைத்திருந்த ஆலோசகரையும் வகுப்புகளையும் தேவை கூடிய வேறு பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்த வீட்டுக்கு மருந்து கொண்டு யார் வருவார்கள்?

சரி, நானாவது சொல்லிக்கொடுக்கிறேன் என்று அடுத்த வருடம் அந்தப் பாடத்தை எடுத்தேன். புத்தகத்தில் இருக்கிறது, அரசாங்கம் அச்சடித்த புத்தகம், நான் வீட்டிலிருந்து கொண்டுபோனதல்ல. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுங்கள், பொடியன்களுக்கு விளையாட்டு சேர் எடுப்பார் என்று கட்டளை. விளையாட்டு சேர் அவர்களிடம் கரப்பந்தைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் இருந்தார். நான் எச்.ஐ.வி எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது யன்னலுக்கு வெளியே பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பந்தை அடித்தவர்களில் சீலனும் ஒருவன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஒரு தாய் பள்ளிக்கூடக் கேற்றடியில் நின்று, “எங்கட புள்ளையளுக்குக் கெட்டது படிப்பிக்கிறா” என்று றோட்டுக்குக் கேட்கச் சத்தம் போட்டா. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் கடைக்கு வந்தவர்கள் பாதிச் சிரிப்போடு, “அண்ணன், டீச்சர் என்ன பாடமாம் எடுக்கிறா?” என்று கேட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “உனக்கேன் இந்த வேலை? ஊரில வேற டீச்சர்மார் இல்லையா?” என்றார். நீயும்தான், மகன். “அம்மா, என்ட கூட்டாளிமார் சிரிக்கிறானுகள், விடுங்களன்” என்று அழுவாரைப்போல் கேட்டாய். கோயில் திருவிழாவுக்கு என்னோடு வராமல் தனியாகப் போனாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு அப்போது அந்த வயது. ஆனால் இப்போது உனக்கு அந்த வயதில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

சீலன் ஓ.எல் எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போய் ஒரு ஹொட்டேலில் வேலை செய்தான். பிறகு கட்டாருக்குப் போக ஆயத்தப்படுத்தினான். ஏஜென்சிக்காரர் மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, சரிவராது என்றார்கள். என்ன சரிவராது என்று அவன் கேட்க, கந்தோரில் இருந்த ஒருவர் இரத்தம் சரியில்லை என்று சொல்லி, அந்த நோயின் பெயரையும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். எங்கே போ, யாரைக் கேள் என்று ஒரு வார்த்தை இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் நாவற்குடாவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அடையாளம் காணவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தான். “டீச்சர், என்னைத் தெரியுமா?” என்று கேட்ட குரலில்தான் பிடித்தேன். உள்ளே கூப்பிட்டேன், விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தான். தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டான். “டீச்சர், கடதாசிக் கோப்பை கிடக்கா? எறியிற கோப்பை?” என்று கேட்டான். ஏன் என்றேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். ஊருக்கு வந்ததிலிருந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் படுக்கிறானாம். தனிக் கோப்பையில் சாப்பிட்டுத் தானே கழுவுகிறானாம். அக்காவுக்குக் குழந்தை பிறந்து இவ்வளவு நாளாகியும் ஒரு தரம்கூடத் தூக்கவில்லையாம். வெளிநாடு சரிவராத கவலையில் பிள்ளை ஒதுங்கித் திரிகிறான் என்று தாய் நினைத்துக்கொண்டிருக்கிறா. “எத்தின மாசம் கிடப்பன் டீச்சர்?” என்று என்னைக் கேட்டான், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.

எனக்கு அழுகை வரவில்லை, மகன். ஆத்திரம்தான் வந்தது. சாவதற்கு ஒன்றுமில்லை, மருந்து இருக்கிறது, தேத்தண்ணிக் கோப்பையால் தொற்றாது, குழந்தையைத் தூக்கினால் தொற்றாது. இதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியது. அது தெரியாமல் ஒரு பொடியன் மாதக்கணக்காகக் கொட்டிலில் கிடந்து செத்துக்கொண்டிருந்தான். வாசித்துச் சொல்ல ஒருவரும் இல்லாத காட்டிலா வளர்ந்தான்? என் பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அப்பா பின்னாலேயே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மெதுவாக, “நம்மட பீங்கானில போடலாமா? ஒட்டாதா?” என்று கேட்டார். மகன், கலியாணம் கட்டிய நாளிலிருந்து சுகாதார டீச்சரோடு குடும்பம் நடத்துகிற மனிதர் அவர். நான் அகப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன். எதால் தொற்றும், எதால் தொற்றாது என்று, தரம் பதினொன்றுக்குச் சொல்வதுபோல, ஒன்றும் ஒளிக்காமல். இடையில் ஒரு தரம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார். கேட்டு முடித்து, “இவ்வளவுதானா?” என்றார். இரண்டு பீங்கானைத் தானே எடுத்துக் கழுவிக்கொண்டு போய் அவனுக்கு எதிரில் இருந்து, “சாப்பிடு தம்பி, மீன் ஆறினா நல்லாரிக்காது” என்றார். சீலன் நெடுநேரம் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு சாப்பிட்டான்.

அடுத்த நாள் நான் லீவு போட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, நல்ல மனிதர்கள், பெயரைக்கூடச் சத்தமாகக் கூப்பிடுவதில்லை. ஓட்டோவை அவன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வளவு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடந்து வந்தான். திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்து நிச்சயப்படுத்தினார்கள். டொக்டர் அவனுக்கு விளங்கும்படி சொன்னார். குளிசையை ஒரு நாளும் விடாமல் எடுத்தால் மற்றவர்களைப்போல வாழலாம், வேலை செய்யலாம், கிருமி நன்றாக அடங்கியபிறகு கட்டுகிற பெண்ணுக்கும் போகாது, பிள்ளையும் பெறலாம் என்றார். அவனுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் எவனிடமும் கேட்காதே. அது தெரிந்து நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வரும் வழியில் அவனாகவே, “முழங்காலில நிண்டது நினைவிருக்கா டீச்சர்? அதுக்குப் பிறகு நான் ஆரிட்டயும் ஒண்டும் கேக்கிறல்ல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

இப்போது உடம்பு தேறி, வயல் வட்டையில் அறுவடைக் காலத்தில் மெஷின் ஓட்டுகிறான். குளிசையை விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைத்திருக்கிறான். தாய்க்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கொட்டிலுக்குத் திருப்பி அனுப்பிவிடுவா என்று பயம். அனுப்பமாட்டா என்று நான் சொல்கிறேன், ஆனால் நிச்சயமாக எனக்கும் தெரியாது. அந்தத் தாய்க்கும் ஒருவரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லையே. அக்காவின் பிள்ளையை மட்டும் இப்போது தூக்குகிறான்.

இனி நான் பட்ட பாட்டைக் கேள். பழைய அதிபர் இடமாற்றத்தில் போய், இப்போது இருப்பவர் இளம் ஆள், படித்தவர், கணினியெல்லாம் கைவந்தவர். அவரிடம் போய், இந்தப் பாடத்தைப் பொடியன்களுக்கும் முறையாக எடுக்க வேண்டும், வினாக்கொத்து வந்தால் பிள்ளைகளைத் தங்கள் பாட்டில் எழுத விட வேண்டும் என்றேன். கூட்டத்தில் வைத்துப் பதில் சொன்னார்: “டீச்சர், இவ்வளவு காலம் படிப்பிக்கிறீங்க. நம்மட பள்ளிக்கூடத்தில படிச்ச ஆருக்காவது இது வந்திருக்கா? ஒரு ஆளக் காட்டுங்க பாப்பம்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாளும் மௌனமாக இருந்ததில்லை. காட்ட ஆள் இருக்கிறான். காட்டினால் அவன் உயிரோடு இருக்க மாட்டான். ஊர் அவனை இருக்க விடாது. காட்டாவிட்டால், ஒருவரும் இல்லை என்று முடிவாகிறது. ஒருவரும் இல்லையென்றால் பாடம் தேவையில்லை. பாடம் இல்லையென்றால் வந்தவன் ஒளித்துக்கொள்வான். இந்தச் சக்கரத்துக்குள் நின்று நான் என்ன செய்ய, சொல்லு? “தெரியா சேர்” என்றேன். “அதுதானே” என்று சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார், விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் வாடகைக்கு எடுப்பது.

ஆகவே என்னிடம் வந்து அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லாதே. உன் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். சீலனும் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைக்கு வராது என்று யார் உனக்குச் சொன்னது? அந்தத் தாளில் மற்றக் கேள்விகளும் இருக்கின்றன, மகன். சாக வேண்டும்போல் இருந்ததா, வீட்டில் யாராவது பிழையாகத் தொட்டார்களா, போதைக் குளிசை யாரும் தந்தார்களா. கடலுக்குப் போகிற, வெளிநாட்டில் தாய் இருக்கிற, பெரியவர்கள் யாரும் முகம் பார்த்துக் கேட்காத பிள்ளைகள் உன் வகுப்பில் இருப்பார்கள். வருடம் முழுவதும் அவர்களை ஒரு தாள்தான் கேட்கிறது. அந்த ஒரு தாளிலும் நீ முன்னால் நின்று விடையை வாசித்தால், அந்தப் பிள்ளைக்கு விளங்குவது ஒன்றே ஒன்றுதான்: நாங்கள் கேட்க விரும்பவில்லை என்பது.

நீ செய்ய வேண்டியது பெரிய வீரம் ஒன்றுமில்லை. பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி இருத்து. இது பரீட்சையில்லை, பெயர் வேண்டாம், நானும் பார்க்கமாட்டேன் என்று சொல்லு, சொன்னபடி பார்க்காமலும் இரு. கடினமான சொற்களின் கருத்தை முதலே சாதாரண குரலில் சொல்லிவிடு. தலைவலி, காய்ச்சல் என்று சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்குமோ அப்படி. யாராவது சிரித்தால் சிரிக்க விடு, கொஞ்ச நேரத்தில் அடங்கும். பாடத்தை எடுக்கும்போது ஒரு பொடியனையும் மைதானத்துக்கு அனுப்பாதே. எச்சரித்துப் பயமுறுத்தியும் விடாதே. பயந்தவன்தான் கொட்டிலில் போய்ப் படுக்கிறான். மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியில் காதும் காதும் வைத்தமாதிரிப் பார்ப்பார்கள் என்ற இரண்டு விஷயமும் உன் வகுப்பை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதிபர் கோபிப்பார். பெற்றோர் வருவார்கள். புது வாத்தி கெட்டவன் என்று கதை கட்டுவார்கள், இடமாற்றம் வந்தாலும் வரும். அதெல்லாம் வராது என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கு வந்தது, உனக்கும் வரும். நிரந்தரமாகும்வரை பேசாமல் இருப்போம் என்று உனக்குத் தோன்றும். நிரந்தரமானபிறகு பதவி உயர்வு வரை என்று தோன்றும். என் ஆசிரியர் அறையில் அப்படி இருந்து இருந்தே பென்ஷன் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். மோசமானவர்கள் அல்ல. ஆனால் ஒரு பிள்ளையும் அவர்கள் வாசலுக்கு வந்து நின்றதில்லை.

நாளைக்கு நான் தரம் பதினொன்றுக்கு அந்தப் பாடத்தை எடுக்கப்போகிறேன். பொடியன்களையும் பொம்பிளைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். அதிபரிடம் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த தவணை பார்ப்போம் என்பார், அடுத்த தவணை நான் பென்ஷன் எடுத்துவிடுவேன், அங்கே இருக்கமாட்டேன். இன்று மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் சொன்னேன். அவர் கடைக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டே, “எத்தினையாம் பாடம்?” என்று கேட்டார். இடைவேளைக்குப் பிறகு என்றேன். “அப்ப நான் கடையப் பூட்டிப்போட்டு கேற்றடிக்கு வாறன். ஆரும் கத்த வந்தா என்னோட கத்தட்டும். நீ உள்ளுக்குப் படிப்பி” என்றார்.

அம்மா